அறுபத்தைந்தாம் பக்கம்

மனிதர்களில் அப்பவேக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்ததில்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். உங்கள் தெருவில் ஒருவர், உங்கள் அலுவலகத்தில் இருவர், நீங்கள் பெண் கொடுத்த வீட்டிலோ எடுத்த வீட்டிலோ கட்டாயம் ஒருவர் இருந்தே தீருவார். நீங்கள் புதிதாக ஒன்றைப் பார்த்து, வாய் பிளந்து, மூச்சு வாங்க ஓடிவந்து அவரிடம் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். அவர் குறுக்கே பேசமாட்டார். முழுக்கச் சொல்லவிடுவார். அந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்கமாட்டார். நீங்கள் முடித்ததும் கண்ணைப் பாதி மூடி, உதட்டின் ஒரு ஓரத்தை மட்டும் லேசாக உயர்த்தி, "இதெல்லாம் அப்பவே இருக்கு" என்பார்.

அவ்வளவுதான். உங்கள் சந்தோஷத்தில் ஊசி இறங்கியாயிற்று. இனி நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.

இந்த இனத்தில் உட்பிரிவுகள் பல. மருத்துவ அப்பவேக்காரர் இருக்கிறார். உங்களுக்கு நேற்று நடந்த அறுவை சிகிச்சை அவருடைய சித்தப்பாவுக்கு அப்பவே நடந்துவிட்டது, அதுவும் மயக்க மருந்து இல்லாமல். வரன் அப்பவேக்காரர் இருக்கிறார். உங்கள் மாப்பிள்ளையை அவர் அப்பவே பார்த்து வேண்டாமென்று விட்டவர். இவர்களெல்லாம் சில்லறை. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டால் போய்விடுவார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது கலை அப்பவேக்காரரைப் பார்த்துத்தான். ஏனென்றால் அவர் கையில் ஒரு புத்தகம் இருக்கும். கையில் புத்தகம் வைத்திருப்பவரை யார் எதிர்த்துப் பேசுவது?

நான் சொல்ல வந்தவர் இந்தக் கடைசி வகை. எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்தவர். கடை கடையாகப் போய், தராசுத் தட்டைத் தட்டிப் பார்த்து, கடைக்காரரின் படிக்கல்லைத் தன் பெட்டியில் இருக்கும் கல்லோடு ஒப்பிட்டு, சரி என்றால் முத்திரை குத்துவது, தப்பு என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவது. முப்பது வருடம் இதைச் செய்தார். உங்க கல்லு சரியா சார் என்று அந்த முப்பது வருடத்தில் ஒரு கடைக்காரருக்குக் கூடக் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பழக்கம்தான் அவரைக் கெடுத்தது என்பது என் கட்சி.

அவர் கக்கத்தில் சதா இருந்த புத்தகம் ஒரு நாடகம். ஆயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன்னால் வடமொழியில் யாரோ ஒரு மகாகவி எழுதி, பிற்காலத்தில் யாரோ ஒரு பொறுமைசாலி தமிழில் பெயர்த்தது. ஆறு அங்கம். தவிட்டு நிறத் துணி அட்டை, முதுகில் கோணலாக ஒட்டிய ஒரு சீட்டு. நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்துக் கட்டிய காலத்தில் அவருக்கு வாய்த்தது. நாடகத்தின் பெயரை அவர் ஒருபோதும் சொன்னதில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்.

"பேர் எதுக்கு? நாடகம்னா அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் ஒத்திகை."

அவரோடு உட்கார்ந்து ஒரு சினிமா பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கதாநாயகனுக்கு ஒரு தோழன், எந்நேரமும் பசி பசி என்று திரிகிறவன், வந்து நின்றால் போதும், அவர் உங்கள் விலாவில் இடிப்பார். "விதூஷகன்! ராஜாவோட கூட்டாளி, சாப்பாட்டு ராமன். அப்பவே இருக்கு." தொலைக்காட்சியில் ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்து வரப்போவதை அறிவித்தால், "சூத்திரதாரி! நாடகம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்து, இன்னிக்கு என்ன நாடகம்னு சொல்ற ஆளு. அப்பவே இருக்கு." மேலதிகாரி இலக்கணத் தமிழிலும் காவலாளி கொச்சையிலும் பேசினால், "ராஜா வடமொழி பேசுவார், வேலையாட்களும் பொம்பளைங்களும் பேச்சு மொழி பேசுவாங்க. எல்லாம் அங்கேருந்து வந்ததுதான்." எரிச்சல் என்னவென்றால், இதில் பாதி உண்மை. அந்தப் பழைய நாடகங்களின் நிழல் இன்றைய மேடையில் விழாத இடம் குறைவு என்று விஷயம் தெரிந்தவர்களே சொல்கிறார்கள். முழுப் பொய்யனைத் திருப்பி அடிக்கலாம், பாதி உண்மை பேசுகிறவரை என்ன செய்வது?

வீட்டிலும் இதே கதைதான். மகனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து அவன் போனில் சொன்ன அன்று, அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்னங்க, பையன் அடுத்த வாரமே கிளம்பறானாம்."

"பிரிவு" என்றார் இவர். "மூணாம் அங்கம்."

"அங்கமோ பங்கமோ, பெட்டி ஒண்ணு வாங்கணும். கடைக்கு வர்றீங்களா இல்லையா?"

அந்த அம்மாளின் பொறுமையைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் போடலாம். வாரம் ஒருமுறை வீட்டைப் பெருக்கித் துடைக்கும்போது, அந்தத் தவிட்டு அட்டைப் புத்தகத்தையும் எடுத்துத் தட்டித் துடைத்து வைப்பது அவர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது ஒரு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தின் முதல் நாற்பது பக்கம் முன்னுரை. மொழிபெயர்த்த பொறுமைசாலி அதில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை: கதைச் சுருக்கம், பாத்திரங்களின் குணம், இந்த நாடகம் பிற்கால மேடைகளையெல்லாம் எப்படி ஆட்டிவைத்தது என்று ஒரு நீண்ட பட்டியல். நம்மவர் அதைக் கரைத்துக் குடித்திருந்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் முதல் அங்கம் ஆரம்பம். மூன்று முறை அவர் அதில் இறங்கியிருக்கிறார். மூன்று முறையும் ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் தூக்கம் அவரை ஆட்கொண்டது. மூன்றாம் முறை அடையாளத்துக்கு வைத்த பேருந்துச் சீட்டு இன்னும் அங்கேயே இருந்தது. அதற்கப்புறம் அவர் உள்ளே போகவே இல்லை. எதற்குப் போக வேண்டும்? யாராவது எதையாவது சொன்னால் "ஐந்தாம் அங்கம்" என்றால் போதும். அவ்வளவு தூரம் படித்தவன் ஊரில் ஒருவனும் இல்லை என்று அவர் கண்டுகொண்டிருந்தார்.

இந்த அளவில் அவர் நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு வேலையே இல்லை. ஆனால் ஊரில் ஒரு நாடக மன்றம் இருந்தது. அதற்கு வருடம் ஒரு புது நாடகம் தேர்ந்தெடுக்க மூன்று பேர் கொண்ட குழு இருந்தது. தலைவர் ஒரு பல் டாக்டர். இன்னொருவர் மருந்துக்கடைக்காரர், "உங்க ரெண்டு பேருக்கும் எது சரியோ எனக்கும் அதுதான்" என்பதைத் தவிர அவர் வேறு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை. மூன்றாமவர் யார் என்று சொல்ல வேண்டுமா? புத்தகம் வைத்திருக்கிறாரே!

மன்றத்தின் விதிகள் ஒரு தாளில் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியிருந்தன. சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும், தழுவல் கூடாது என்று ஒரு விதி. தழுவல் என்று சொல்லும் உறுப்பினர் மூலநூலில் பக்கம் காட்ட வேண்டும் என்று ஒன்பதாவது விதி. ஒரே ஆளின் நாடகம் மூன்று முறை தள்ளுபடியானால் பிறகு அந்த ஆள் அனுப்பவே கூடாது என்று பதினோராவது விதி. ஒன்பதாவது விதியை இதுவரை யாரும் தொட்டதில்லை. பதினோராவது விதி மட்டும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. பல் டாக்டரின் கணக்கில் இதுவரை ஏழு பேர் எழுதுவதை விட்டிருந்தார்கள்.

எட்டாவது ஆளாக வரிசையில் நின்றவர் ஒரு டிரைவிங் டீச்சர். ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பெண்மணி. நாற்பது வயதிருக்கும். அந்தக் காரில் அவர் பக்கத்தில் தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் உண்டு. நாள் முழுக்க அந்தப் பிரேக்கின் மேல் காலை வைத்தபடி, "மெதுவா, அவசரமே இல்ல, கிளட்ச்ச கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, கண்ணாடியப் பாருங்க, என்னைப் பார்க்காதீங்க" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் குரலுக்குக் கோபப்படத் தெரியாது. லாரிக்கு அடியில் போகவிருந்த மாணவரிடமும் அதே குரல்தான்.

முதல் வருடம் ஒரு நாடகம் அனுப்பினார். "தழுவல், ஐந்தாம் அங்கம்" என்றார் நம்மவர். போயிற்று. இரண்டாம் வருடம் முற்றிலும் வேறொரு நாடகம் அனுப்பினார். அதுவும் ஐந்தாம் அங்கத்திலிருந்தே எடுத்ததாகப் போயிற்று. ஒரு அங்கத்துக்குள் இவ்வளவு இடமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் அந்த இரண்டாம் வருடம், தோற்று வெளியே போகிற வழியில், டீச்சர் கொஞ்ச நேரம் நின்று நம்மவர் கக்கத்தில் இருந்த புத்தகத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை வணங்குகிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டார் நம்மவர்.

மூன்றாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மன்றத்தின் மாடி அறை. மேசையின் ஒரு கால் குட்டை, அதற்கடியில் பழைய நாடக நோட்டீஸ்களை மடித்துச் செருகியிருந்தார்கள். டீச்சர் தன் நாடகத்தை ஒரு மணி நேரம் படித்துக் காட்டினார். கதை இதுதான். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். பின்சீட்டில் அவள் புருஷன் உட்கார்ந்துகொண்டு, வலதுபக்கம் திரும்பு, இடதுபக்கம் பார், உனக்கு வராது, உங்கம்மாவுக்கும் வராது என்று மூச்சு விடாமல் ஓட்டுகிறான். மேடையில் கார் கிடையாது. நாலு நாற்காலி மட்டும். முடிவில் அவள் பக்கத்து சீட்டில் இருக்கும் டிரைவிங் டீச்சர் கதவைத் திறந்து இறங்கி, சார் நீங்களும் இறங்குங்க என்கிறாள். அவன் இறங்குகிறான். அந்தப் பெண் தனியாக ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். நடுரோட்டில் இரண்டு பேர் நிற்கிறார்கள்.

படித்து முடித்ததும் பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருந்துக்கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பழக்கமில்லாததால் நிறுத்திக்கொண்டார். உண்மையைச் சொன்னால் நம்மவருக்குமே உள்ளே ஏதோ செய்தது. பின்சீட்டு ஆளின் குரல் அவருக்கு ரொம்பவும் தெரிந்த குரலாக இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. கண் தானாகவே பாதி மூடியது. உதட்டின் ஓரம் எழுந்தது.

"தேர்" என்றார். "ராஜா தேர்ல ஏறறார். நடுவழியில சாரதிய இறக்கிவிட்டுட்டுத் தனியாப் போறார். ஐந்தாம் அங்கம். கார்ங்கறது மட்டும்தான் இந்த அம்மா போட்டது. மத்ததெல்லாம் அப்பவே இருக்கு."

உண்மையில் முன்னுரையில் தேர்க்காட்சி என்று ஒரு சொல் இருந்தது. எந்த அங்கத்தில் என்று எழுத முன்னுரைக்காரர் மறந்துவிட்டார். நம்மவர் கருணையோடு அதை ஐந்தாம் அங்கத்தில் சேர்த்துவிட்டார்.

பல் டாக்டர் பேனாவை எடுத்தார். "அப்ப தழுவல்னு எழுதிடலாமா? மூணாவது தடவைம்மா. இதோட..."

"தெரியும் சார்" என்றார் டீச்சர். குரல் மாறவில்லை. ஆனால் மடியில் இருந்த கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "ஒன்பதாவது விதின்னு ஒண்ணு போட்டிருக்கே சார், பக்கம் காட்டணும்னு?"

"ஏம்மா, என்னையே சந்தேகப்படறீங்களா?"

"ஐயோ, சந்தேகமெல்லாம் இல்ல சார். பார்க்கணும்னு ஆசை."

"முப்பது வருஷமா இந்தப் புத்தகத்தோட இருக்கேன் நான்."

"அதனாலதான் சார். உங்களுக்கு உடனே கிடைச்சிடும்."

பல் டாக்டர் சமாதானமாகச் சொன்னார்: "காட்டிடுங்களேன் சார். ரெண்டு நிமிஷ வேலை. வலிக்காது."

நம்மவர் பயந்தாரா என்றால், இல்லவே இல்லை. படிக்காதவருக்குப் பயம் எங்கிருந்து வரும்? ராஜா கதையில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஒரு தேர் அகப்படும் என்று அவர் நம்பினார். பின்பாதியில் ஒரு இடத்தைக் கம்பீரமாகத் திறந்தார். பேருந்துச் சீட்டு நழுவி மேசையில் விழுந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

ஒரு கோழியின் படம். பக்கவாட்டுத் தோற்றம். உடம்பெங்கும் அம்புக்குறிகள்.

சரி, ராஜாவின் தோட்டத்துக் கோழி என்று நினைத்துப் பக்கத்தைத் தள்ளினார். குஞ்சுகளுக்கு வெளிச்சம் காட்டுவது எப்படி. இன்னும் தள்ளினார். தவிடும் புண்ணாக்கும். வேகமாகத் தள்ளினார். கழிச்சல்.

"மெதுவா சார்" என்றார் டீச்சர். "அவசரமே இல்ல."

"அச்சு கொஞ்சம் மங்கல்..."

"நான் கண்ணாடி போட்டிருக்கேன், குடுங்க" என்று பல் டாக்டர் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். பல் பிடுங்குவதில் பழகிய கை. நம்மவர் விடவில்லைதான், ஆனால் புத்தகம் வந்துவிட்டது. டாக்டர் புரட்டினார். "ஐந்துன்னுதானே சொன்னீங்க? இதோ, ஐந்தாம் பகுதி. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்." தொண்டையைச் செருமிக்கொண்டு, சத்தமாகவே வாசித்தார்:

"முட்டையிடாத கோழியைக் கண்டறிவது எப்படி? முட்டையிடும் கோழி பார்வைக்கு நன்றாயிராது. சிறகு உதிர்ந்து, கால் வெளுத்து, களைத்துக் காணப்படும். முட்டையிடாததோ உடம்பு மினுமினுப்பாகவும், கொண்டை நிமிர்ந்தும் இருக்கும். தீவனத்திற்கு முதலில் வந்து நிற்கும். பிற கோழி முட்டையிட்டால் அதைவிட உரக்கக் கொக்கரிக்கும். இதனை நம்பி ஏமாந்துபோகிறவர் பலர்."

பல் டாக்டர் பக்கத்தில் விரலை வைத்தபடி நிமிர்ந்தார்.

மருந்துக்கடைக்காரர் தன் வாழ்நாளின் முதல் சொந்தக் கருத்தைச் சொன்னார்: "நல்லா எழுதியிருக்கான்."

நீங்களாகவோ நானாகவோ இருந்தால் அந்த இடத்திலேயே மேசைக்கு அடியில் புகுந்திருப்போம். நம்மவர் அப்படிப்பட்டவரா? ஒரு பெருமூச்சு விட்டார். கண்ணைப் பாதி மூடினார்.

"இடைச்செருகல்" என்றார். "பிற்காலத்துல யாரோ நடுவுல சேர்த்துட்டான். பழைய நூல்கள்ல இது சகஜம்."

"ரொம்ப சகஜம் சார்" என்றார் டீச்சர். கைப்பையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே தவிட்டு நிறத் துணி அட்டை. முதுகில் அதே கோணல் சீட்டு. அட்டையைத் திருப்பினால் முதல் பக்கத்தில் 'கோழி வளர்ப்பு: எளிய முறைகள்' என்றிருந்தது. "எங்க மாமியார் மொட்டை மாடியில கோழி வளர்க்கணும்னு சொன்னாங்க. லைப்ரரில எடுத்துட்டுப் போன புத்தகம் சார் இது. அறுபத்து நாலு பக்கம் வரைக்கும் கோழி. அறுபத்தஞ்சுல ராஜா உட்கார்ந்து அழறார். எனக்கு ஒண்ணுமே புரியல. யார் ராஜா, எதுக்கு அழறார்? சரி, பார்ப்போம்னு படிச்சேன். அன்னிக்கு மாமியாருக்குச் சாப்பாடு போடவே மறந்துட்டேன்."

இரண்டு புத்தகமும் அட்டை கிழிந்து ஒரே நாளில் பைண்டரிடம் போயிருக்கின்றன. ஒரே அளவு. இரண்டிலும் அறுபத்து நாலாம் பக்கத்தோடு ஒரு தாள் கட்டு முடிகிறது. பைண்டர் பக்க எண்ணை மட்டும் பார்த்தார், அறுபத்து நாலுக்கு அப்புறம் அறுபத்தைந்து வருகிறதா என்று பார்த்தார், தைத்தார். பைண்டர் மேல் என்ன தப்பு? அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார். ஆக, முன்னுரையும் முதல் அங்கமும் நம்மவரிடம், மிச்ச நாடகம் முழுக்க டிரைவிங் டீச்சரிடம், நடுவில் முப்பது வருடம்.

"ஐந்தாம் அங்கத்துல தேரே கிடையாது சார்" என்று டீச்சர் தொடர்ந்தார். "அதுல விதூஷகன் காணாமப்போன ஓலையத் தேடிட்டு சமையல்கட்டுக்குள்ள பூந்துடுவான், அங்கம் முழுக்க வெளியவே வரமாட்டான். தேர் வர்றது மூணாம் அங்கத்துல. அங்கயும் யாரும் யாரையும் இறக்கிவிடல. ஆனா ஒண்ணு இருக்கு." பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். "மேடையில தேர் கிடையாது. குதிரை கிடையாது. சாரதி இல்லாத கடிவாளத்தைப் பிடிக்கறான். ராஜா, மரமெல்லாம் பின்னாடி ஓடுதேன்னு சொல்றார். உடம்ப லேசா முன்னாடி சாய்க்கறார். அவ்வளவுதான், தேர் ஓடிடுது. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு சார். கார் இல்லாம காரை ஓட்டலாம்னு அங்கதான் கத்துக்கிட்டேன். அது நான் எடுத்ததுதான். அது தழுவல்னா எழுதிக்கோங்க. மத்தது எல்லாம் நான் தினமும் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து பார்த்தது."

கவனித்தீர்களா? அந்த நாடகத்தின் நிழல் உண்மையில் விழுந்திருந்த இடம் ஒன்றே ஒன்று. அதைத்தான் நம்மவரால் காட்ட முடியவில்லை. எடுத்தவளே எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

பல் டாக்டர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு 'சொந்தப் படைப்பு' என்று எழுதினார். நோட்டீஸில் அந்தப் பழைய நாடகத்துக்கு நன்றி என்று ஒரு வரி போடச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். அவர், "எனக்கு நாடகம் பிடிச்சிருக்கு" என்றார். ஒரே நாளில் இரண்டு கருத்து!

டீச்சர் அழுதுவிட்டார். சத்தமில்லாமல், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதார். மூன்று வருடத்து அழுகை அது. துடைத்துக்கொண்டு, நம்மவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றிக் களிப்பு ஒன்றுமில்லை. அதுதான் அவரை இன்னும் சுட்டது.

"சார், ஒரு உதவி. ராஜா எதுக்கு அழறார்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. முதல் அங்கம் உங்ககிட்டதானே இருக்கு? ரெண்டு நாள் குடுத்தீங்கன்னா படிச்சுட்டுத் தந்துடறேன். நீங்க இதை வெச்சுக்கோங்க. மிச்ச அஞ்சு அங்கமும் இருக்கு. ரொம்ப நல்லா இருக்கும் சார்."

முப்பது வருடமாகக் கக்கத்தில் சுமந்த நாடகம் முதல்முறையாக அவர் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது. யாராக இருந்தாலும் வாங்கியிருப்பார்கள். அவர் கை கூட ஒரு அங்குலம் நகர்ந்தது. நான் பார்த்தேன் என்று பல் டாக்டர் இன்றைக்கும் சொல்கிறார்.

"வேண்டாம்மா" என்றார். "நான் படிச்சதுதான்."

பேருந்துச் சீட்டைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டு, தன் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முகத்தில் ஈயாடவில்லை என்பதைப் பார்த்துப் பக்கத்திலேயே நின்றார். அவரே சொன்னார். கோழி என்ற சொல் வரும் இடத்தில் மட்டும் குரல் உள்ளே போயிற்று.

"தெரியும்" என்றார் மனைவி.

"என்ன தெரியும்?"

"அதுல கோழிதான் இருக்குன்னு. எனக்கு அப்பவே தெரியும்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "எப்பவே?"

"பையன் ஸ்கூல் போயிட்டிருந்த காலத்துலேயே. தூசி தட்டறப்போ ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். அப்புறம் ரெண்டு தடவை முழுசாப் படிச்சேன். உபயோகமான புத்தகம்."

"ஏன் சொல்லல?" அவருக்கு உண்மையிலேயே வலித்தது. ஊரெல்லாம் சிரித்தாலும் பரவாயில்லை. இவள், இத்தனை வருடமாக, ஐந்தாம் அங்கம் ஐந்தாம் அங்கம் என்று தான் முழங்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளே! "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரிந்தது. அந்த அம்மாள் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாடகம் இரண்டு மாதம் கழித்து மேடையேறியது. புருஷனும் பெண்சாதியுமாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நாலு நாற்காலி, வேறு ஒன்றுமில்லை. ஐம்பது வயதுப் பெண்ணாக நடித்தவர் நிஜமாகவே டீச்சரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர். கடைசிக் காட்சியில் அவர் தனியாகக் கிளட்ச்சை விட்டு, உடம்பை லேசாக முன்னால் சாய்த்தபோது, இல்லாத லாரி ஒன்று எதிரே வந்தது. அரங்கமே மூச்சைப் பிடித்தது. நம்மவரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. பிரேக். இல்லாத பிரேக். அவருக்கு இடப்பக்கம் மனைவியின் காலும், வரிசை முழுக்க இருந்த மற்றவர்களின் கால்களும் அதேபோல் மிதித்திருந்தன. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு கடிவாளம் இத்தனை கால்களை ஒரே நேரத்தில் இழுத்ததென்று உணர்ந்தவர்கள் அந்த அரங்கில் யாருமில்லை, மேடைக்குப் பின்னால் நின்ற ஒருத்தியைத் தவிர.

கைதட்டல் ஓய்ந்தது. நம்மவரின் கண் கலங்கியிருந்தது, இருட்டுக்கு நன்றி. திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் மனைவி இருந்த பக்கத்தை விட்டுவிட்டு, வலப்பக்கம் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளின் விலாவில் மெல்ல இடித்தார்.

"இந்த நாடகம் எங்கேருந்து வந்தது தெரியுமா? ஒரு கோழிப் புத்தகத்துலேருந்து. அதோட மறுபாதி முப்பது வருஷமா என்கிட்டதான் இருக்கு."

போகட்டும், அவரை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டு வந்தபோது நடுவில் எங்கேயாவது, இந்த மாதிரி ஒன்றை முன்பே எங்கோ படித்திருக்கிறேனே என்று உங்களுக்குத் தோன்றியதா? கண் பாதி மூடியதா? உதட்டின் ஒரு ஓரம், லேசாக, மிக லேசாக? எந்தப் புத்தகத்தில் என்று மட்டும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை, இல்லையா?

அப்படியானால் எழுந்து போய், நீங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, அறுபத்தைந்தாம் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். கோழி இருந்தால் பதறாதீர்கள், சத்தம் போடாமல் மூடி வைத்துவிடுங்கள். வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அவர்களுக்கு அப்பவே தெரியும்.